வெள்ளிக்கிழமைப் பணம்

செத்துப்போனவன் படத்தில் உயிரோடு இருக்கிறவர் கை தெரியக்கூடாது என்று மேட்டுக்கொல்லையில் எல்லாரும்தான் சொன்னார்கள். தில்லையம்மாள் என்ன செய்வாள்? அவள் புருஷன் அய்யனார் தன் ஆயுசில் நேராக நின்று, சட்டைப் பித்தான் எல்லாம் போட்டு, பல் தெரியச் சிரித்து எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான். கல்யாணப் படத்தில் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான். ரேஷன் கார்டுப் படத்தில் அவனைப் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. ஆகவே குறிஞ்சிப்பாடி ஸ்டுடியோக்காரர் அந்த மேடைப் படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தார். எவ்வளவு வெட்டியும் ஓரத்தில் ஒரு கை நின்றுவிட்டது. வெள்ளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் மஞ்சள் கடிகாரம், விரல்களில் ஒரு பத்திரத்தின் முனை. இந்தக் கையை எடுத்தால் பத்திரத்தின் மறுமுனையைப் பிடித்திருக்கிற அய்யனார் கையும் போய்விடும் என்றார் ஸ்டுடியோக்காரர். இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாங்கிவந்து மாட்டிப் பூப் போட்டார்கள்.

அந்தக் கை எம்.எல்.ஏ. செந்தமிழ்செல்வனுடையது.

படம் எடுத்தது 2006-ல். பேங்கும் இன்சூரன்ஸ் கம்பெனியும் சேர்ந்து ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல் போட்டார்கள். முந்திரிக் குத்தகைக்குக் கடன் வாங்கியவர்கள், கடன் கேட்டு எழுதிப் போட்டவர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள், எல்லாருக்கும் ஆளுக்கொரு பாலிசி. புதிதாக ஜெயித்திருந்த செந்தமிழ்செல்வன் பக்கத்து ஊர்க்காரர். முறைக்கு அய்யனாருக்கு மச்சான் ஆகவேண்டும். மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். அன்றைக்கும் விடவில்லை. "ஓட்டுப் போட்ட உங்களுக்கெல்லாம் நான் என்னா செஞ்சேன்னு நாளைக்கிக் கேப்பீங்க. இந்தா, இத செஞ்சேன். இனிமே உங்க வூட்டுக்கு நான் பொறுப்பு இல்ல, இந்தப் பத்திரம் பொறுப்பு" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முதல் பத்திரத்தை வாங்க அய்யனாரைக் கூப்பிட்டார்கள்.

பேங்க் கொடுத்தது, எம்.எல்.ஏ. கையால் கொடுத்தது. கவர்மெண்டு கொடுத்ததென்றே ஊர் நினைத்துக்கொண்டது. அப்படி இல்லை என்று அந்த மேடையில் ஒருவரும் சொல்லவும் இல்லை.

அய்யனார் எல்லா வேலையும் தெரிந்தவன். தையில் முந்திரி பூத்தால் மருந்தடிப்பான். சித்திரையில் கொட்டை பொறுக்க ஆள் கூட்டிவருவான். பலா மரம் ஏறுவான், பண்ணுருட்டி மண்டிக்கு லோடு ஏற்றுவான், நின்றுபோன மோட்டாரைக் கழற்றி மாட்டுவான். தில்லையம்மாளுக்கு ஒரே வேலைதான், முந்திரி உடைப்பு. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்ட வேண்டும். பலமாகத் தட்டினால் பருப்பு உடையும், கூலி போகும். மெல்லத் தட்டினால் தோடு பிளக்காது. பிளந்தால் உள்ளேயிருந்து வருகிற எண்ணெய் விரலைத் தின்றுவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்கள். சாயங்காலம் எழுந்திருக்கும்போது சாம்பலும் தோலும் சேர்ந்து உரியும். கல்யாணமான புதிதில் தில்லையம்மாள் கையைப் பார்த்து அய்யனார் ஒன்றும் சொல்லவில்லை. அனுப்பிரியா பிறந்து, அந்தப் பிஞ்சு விரல் அவன் சுண்டுவிரலைப் பிடித்தபோதுதான் சொன்னான், "எம் பொண்ணு கை அந்தக் கல்லுமேல படக்கூடாது."

அதற்குத்தான் அந்தப் பாலிசி. பெண் பிளஸ் டூ முடிக்கிறபோது சிதம்பரத்தில் நர்ஸ் படிப்பில் சேர்க்கப் பணம் வரும். நடுவில் தனக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் பெரிய தொகை வரும், படிப்பு நிற்காது. ஏஜெண்டு ராஜவேல் அப்படித்தான் விளக்கினான். அது பொய்யும் இல்லை.

ராஜவேல் பக்கத்துத் தெருப் பையன்தான். தனியார் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் பெட்ரோல் போடக்கூட முடியாமல் ஏஜெண்டு ஆனவன். ஆடி பிறந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்து தவணைப் பணம் வாங்கிக்கொண்டு போய்ச் சிதம்பரத்தில் கட்டி ரசீது கொண்டுவருவான். ஆடி முதலில் கட்ட வேண்டும். ஒரு மாசம் வரை பொறுப்பார்கள். மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லாமல் அப்படியே நடந்தது.

நான்காவது வருஷம், 2009. அந்த வருஷம் முந்திரி வியாபாரி இழுத்தடித்து, ஒரு வியாழக்கிழமை பொழுது போகிற நேரத்தில்தான் கணக்கை முடித்தான். பணத்தைத் தில்லையம்மாள் அரிசிப் பானைக்குள் வைத்தாள். மறுநாள் ஆடிக் கடைசி வெள்ளி. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஊரே கோயிலில் கிடந்தது. தில்லையம்மாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வாசல் தெளித்து, முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வைத்துக் கூழோடு படைத்து, பொழுது சாய விளக்கையும் ஏற்றிவிட்டாள். ராஜவேல் அப்போதுதான் வந்தான். கம்மாபுரம் பக்கம் போய்விட்டு வந்த புழுதி முகத்தில் அப்பியிருந்தது.

"அக்கா, பணம் எடுத்து வையி. இன்னிக்குதான் கடைசி தேதி."

"வெளக்கு வச்சாச்சிடா. வெள்ளிக்கெழம, அதுவும் ஆடி வெள்ளி, பணத்த எடுத்து வெளிய குடுப்பாங்களா?"

"தேதி முடியுதுக்கா."

"தேதி முடிஞ்சா ஒலகமா முடிஞ்சிடும்? நாளைக்கி வந்து வாங்கிக்க."

"நாளைக்கி கொடியேத்துற நாளு, லீவு. அப்புறம் ஞாயித்துக்கெழம."

"அப்ப திங்கக்கெழம விடியக்கால வா. பல்லு வெளக்கறதுக்கு முன்ன எடுத்து நீட்டுறேன்."

கட்டிலில் சாய்ந்திருந்த அய்யனார் சிரித்தான். "குடுத்து வுடேன்டி. மகமாயி வந்து நம்ம வூட்டுப் பானையிலியா கணக்கு பாக்கப் போறா?"

"நீங்க பேசாம இருங்க. இருக்கறதே ஒரு லட்சுமி. அவளையும் வெளக்கு வச்ச நேரத்துல தொரத்தி வுடச் சொல்றீங்க."

ராஜவேல் இன்னும் ஒரு தரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவனைப் பெற்றவள் வெள்ளிக்கிழமை ஒரு கை உப்புக்கூட அடுத்த வீட்டுக்குக் கொடுக்காதவள். அந்த வயிற்றில் பிறந்தவனுக்கு, விளக்கு எரிகிற வீட்டில் நின்று பணத்தை வாங்கிக்கொண்டு போக மனசு வரவில்லை. இருபத்தைந்து லட்சம் ஜனம் இருக்கிற ஜில்லாவில் இரண்டு நாளில் யார் சாகப்போகிறார்கள் என்றும் நினைத்திருப்பான். தில்லையம்மாள் ஊற்றிக் கொடுத்த கூழை நின்றபடியே குடித்துவிட்டு, "திங்கக்கெழம வரேன் மாமா" என்று சொல்லிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராஜாமணி கொல்லையில் மோட்டார் நின்றுவிட்டதென்று ஆள் வந்தது. பாதிச் சோற்றில் எழுந்து போனான் அய்யனார். ஈரக் கையோடு கரண்டுப் பெட்டியைத் திறந்திருக்கிறான். பிணமாகத் தூக்கிக்கொண்டு வரும்போது விரலிடுக்கில் குழம்புச் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

திங்கட்கிழமை விடியக்காலை ராஜவேல் சொன்னபடி வந்தான். விஷயம் தெரிந்துதான் வந்தான். ஆனாலும் தெரு முனையில் பைக்கை நிறுத்திவிட்டு மேலே வரக் கால் வராமல் நின்றான். பந்தலுக்குள் கிடந்த தில்லையம்மாள் எப்படித்தான் பார்த்தாளோ, எழுந்து உள்ளே ஓடி அரிசிப் பானையைக் கவிழ்த்துப் பணத்தை எடுத்துக்கொண்டு தலைவிரிகோலமாகத் தெருவுக்கு வந்தாள். "ராஜவேலு, இந்தாடா. திங்கக்கெழம ஆயிடுச்சிடா. வாங்கிக்கிட்டுப் போயி கட்டுடா" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். நாலு பெண்கள் சேர்ந்து அவளை உள்ளே கொண்டுபோனார்கள். அந்தப் பணம்தான் பந்தலுக்கும் பாடைக்கும் ஆயிற்று.

தீபாவளி கழித்துக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. தவணை தவறியதால் பாலிசி நின்றுபோய்விட்டது, நின்றுபோன பிறகு நடந்த சாவுக்குக் கம்பெனி பொறுப்பில்லை, ஆழ்ந்த அனுதாபங்கள். தில்லையம்மாள் அனுப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினாள். மஞ்சக்குப்பத்தில் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் பட்டாக் கேட்பவர்களும் டிரான்ஸ்பர் கேட்பவர்களும் கூட்டமாக நின்றார்கள். செந்தமிழ்செல்வன் தூரத்திலிருந்தே இவளைப் பார்த்து எழுந்துவந்தார். சாவுக்கு வந்து மாலை போட்டவர்தான். இவள் வீட்டுச் சுவரில் அப்போது படம் மாட்டவில்லை.

"உள்ள வா தங்கச்சி. யாரு, அனுவா? என்னா படிக்குது?"

"பிளஸ் டூண்ணே. அதுக்கோசரந்தான் வந்தேன்."

அவர் எல்லாவற்றையும் கேட்டார். வெள்ளிக்கிழமை கதையையும் அவள் மறைக்கவில்லை. சொல்லும்போது பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர், "எங் கையால குடுத்த பத்திரம். நான் வுடமாட்டேன்" என்றார். மேடையில் சொன்ன மாதிரி இல்லாமல் மெல்லச் சொன்னார். தில்லையம்மாளுக்கு அன்றைக்குத்தான் வயிற்றில் சோறு தங்கியது.

மார்கழியில் ராஜவேலையும் கூட்டிக்கொண்டு எம்.எல்.ஏ. காரில் சிதம்பரம் போனார்கள். திருவாதிரைத் தேருக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்த நேரம். கார் கீழ வீதிக்குள் நுழைய முடியாமல் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தார்கள். எம்.எல்.ஏ.வைப் பார்த்தவர்கள் வழியெல்லாம் கும்பிட்டார்கள். தில்லையம்மாளுக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தைரியம் வந்தது. இத்தனை பேர் கும்பிடுகிறவர் கேட்டால் ஒரு கம்பெனிக்காரனா மாட்டேன் என்பான்?

மாடியில் ஏ.சி. ஆபீஸ். மேனேஜர் கம்பெனிக்காரன் இல்லை, கம்பெனிக்காரி. ரேகா என்று பெயர், விருத்தாசலத்துப் பெண். எழுந்து நின்று வணக்கம் சொல்லி, காப்பி வரவழைத்து, தில்லையம்மாளுக்கு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டாள். சண்டை போடுகிற முகமாக இருந்தால்கூட எம்.எல்.ஏ.வுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வூட்டுல காசு இருந்திச்சி மேடம்" என்றார் அவர். "வெள்ளிக்கெழமையின்னுதான் குடுக்கல. அதுக்குப் போயி ஒரு குடும்பத்தக் கொல்லுவீங்களா?"

"எங்க வூட்டுலயும் குடுக்கமாட்டாங்க சார். எங்கம்மா பாலுக்காரனுக்கே சனிக்கெழமதான் குடுப்பாங்க. ஆனா இத கம்ப்யூட்டருக்கு எப்பிடி சார் சொல்றது?"

ஓரமாக நின்றுகொண்டிருந்த ராஜவேல் அப்போது ஓரடி முன்னால் வந்தான். "மேடம், அவுங்க குடுத்துட்டாங்க. வெள்ளிக்கெழம சாயங்காலமே நான் வாங்கிட்டேன். நாந்தான் கட்டாம வச்சிக்கிட்டேன்."

தில்லையம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவனுக்கு இரண்டு குழந்தைகள். லைசன்ஸ் போகும், போலீஸ் கேஸ்கூட ஆகும். அது தெரிந்தும், இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லாமலிருந்ததை நினைத்துப் பின்னால் வெகுநாள் வெட்கப்பட்டாள். அந்த நேரத்தில் கண்ணுக்கு முன்னால் அனுப்பிரியாவின் கை மட்டும்தான் இருந்தது.

ரேகா அவனை உட்காரச் சொன்னாள். கோபப்படவில்லை. "அப்பிடியே வச்சிக்குவோம் ராஜவேல். நீங்க வாங்குனதாவே இருக்கட்டும். ஏஜெண்டு கையில குடுத்தது கம்பெனிக்கிக் குடுத்ததா ஆவாது. எங்க கவுண்டர்ல விழுந்த தேதிதான் தேதி. பத்திரத்துலயே இருக்கு."

"எங்க இருக்கு?" என்றார் எம்.எல்.ஏ.

பத்திரத்தைப் புரட்டிப் பின்பக்கத்தில் ஓரிடத்தைக் காட்டினாள். எறும்பு ஊர்கிற மாதிரி இங்கிலீஷ். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். பி.ஏ. படித்தவர். அதைப் படித்து முடிக்கக் காப்பி ஆறிப்போனது.

"அப்ப ஊரு ஊரா இவன் வாங்கிட்டு வர்ற காசெல்லாம் யாரு காசு?"

"அது அவங்கவங்க நம்பிக்கையில நடக்கறது சார்."

"நம்பிக்கையின்னு மேடையில சொல்லலியேம்மா நீங்க. நானும் சொல்லலியே." அவர் பத்திரத்தைக் கீழே வைத்தார். "நான் அன்னிக்கி எத்தன பேருக்கு இதக் குடுத்தேன்? ஒண்ணையாவது திருப்பிப் பாத்தனா?"

ரேகா மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்றாள். எழுதவும் எழுதினாள். அங்கேயிருந்தும் இதே அனுதாபங்கள்தான் வந்தன.

திரும்பும்போது கார் புவனகிரி தாண்டியது. இரண்டு பக்கமும் சம்பா கதிர் வாங்கி நின்றது. எம்.எல்.ஏ. முன்சீட்டிலிருந்து திரும்பினார்.

"ஒண்ணு கேட்டுக்க தங்கச்சி. நீ அன்னிக்கி வெளக்கு வச்ச நேரத்துல குடுத்திருந்தாலும் இதே கததான். ஆபீசு சாத்தியிருப்பான். ராஜவேலு கையிலதான் கெடந்திருக்கும். அதனால ஓம்மேல தப்பு இல்ல. நெஞ்ச அறுத்துக்காத."

தில்லையம்மாள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "காலையிலயே ஆள் வுட்டு அவனக் கூப்புட்டுக் குடுத்திருக்கலாமில்லண்ணே? காலையில ஆபீசு தொறந்துதான இருந்திருக்கும்?" என்றாள்.

அவர் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மேடையில் பேசுவதோடு விட்டுவிடுகிற ஆள் என்றுதான் அவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள். இந்த விஷயத்தில் அவர் விடவில்லை. கடலூர் வக்கீல்களிடம் போய் உட்கார்ந்தார். நுகர்வோர் சங்கத்துக்காரர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். ஜில்லா முழுக்க இதே மாதிரி நின்றுபோன பாலிசிகளைத் தேடச் சொன்னார். லால்பேட்டையில் சவுதிக்குப் போனவர் வீட்டில் ஒன்று, திருவந்திபுரத்தில் பூக்காரி வீட்டில் ஒன்று என்று தோண்டத் தோண்ட வந்தது. பட்ஜெட் கூட்டத்தில் பேசப்போகிறேன், கேட்டுக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு மெட்ராஸுக்குப் போனார்.

பங்குனியில் ஒருநாள் முந்திரிக் கொட்டகைக்கே வந்தார். கொட்டகை என்றால் நாலு பக்கமும் திறந்த தகரக் கூரை. உள்ளே வறுத்த கொட்டையின் புகை கண்ணைக் கரித்தது. பெண்கள் எழுந்திருக்கப் போனார்கள். கையமர்த்திவிட்டு ஒரு சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியில் கரி ஒட்டுவதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"பேசிட்டேன் தங்கச்சி. வெள்ளிக்கெழமையையும் சேத்துதான் பேசுனேன். நாலு பேரு சிரிச்சாங்க. சிரிக்கறவங்க வூட்டுலயெல்லாம் வெள்ளிக்கெழம பணம் குடுக்கறாங்களான்னு கேட்டேன். அப்புறம் ஒருத்தனும் சிரிக்கல."

"மந்திரி என்னாண்ணே சொன்னாரு?"

"நல்லாதான் சொன்னாரு. உறுப்பினர் சொல்றது நியாயந்தான், ஆனா பேங்கும் இன்சூரன்சும் டெல்லி அதிகாரத்துல இருக்கு, டெல்லிக்கி எழுதறோம்னாரு."

"டெல்லில கேட்டா?"

"அதுக்குன்னு தனியா ஒரு ஆணையம் இருக்கு, அவுங்ககிட்ட கேளும்பாங்க. அங்கயும் எழுதிட்டேன். பத்திரத்துல ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுக் கையெழுத்து போட்டிருக்கீங்க, கோர்ட்டுக்குத்தான் போவணும்னு பதில் வந்துச்சி. வக்கீலு என்னான்னா, கோர்ட்டுக்குப் போனாலும் தேதிய மாத்தறதுக்கு சட்டத்துல எடம் இல்லங்கறாரு. போடணும்னா போடறேன், உங்க காசு வீணாப்போவும்னு கையெடுத்துக் கும்புடறாரு."

பக்கத்துக் கல்லில் தட்டிக்கொண்டிருந்த விருத்தாம்பாள் வாய்த்துடுக்குக்காரி. கட்டையை நிறுத்தாமலே கேட்டாள். "சட்டம் போடற எடத்துக்குத்தான உங்கள அனுப்புனோம்? அங்க போயும் சட்டத்துல எடம் இல்லன்னா, அந்தச் சட்டத்த யாருதான் போடறது?"

"நீ கேக்கறது சரிதான் விருத்தாம்பா. அங்க எரநூறு பேருக்கு மேல ஒக்காந்திருக்கோம். அதுல ஒருத்தன் நானு. அந்த எரநூறு பேரும் ஒண்ணா கையத் தூக்குனாலும் இந்தத் தேதிய மாத்த முடியாது."

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டாங்கறது இதானா?"

"இங்க சாமி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியலம்மா" என்றார் அவர்.

பிறகு அவர் முகம் கொஞ்சம் தெளிந்து, "ஒண்ணே ஒண்ணு ஆயிருக்கு" என்றார். மெட்ராஸில் கம்பெனியின் பெரிய ஆபீசுக்கே போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். பேப்பரில் வரும் என்று பயந்தோ என்னவோ அவர்கள் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார்கள். இனிமேல் கெடு முடிவதற்கு முன்னால் பாலிசிதாரருக்கு போன் பண்ணிச் சொல்வார்கள். இங்கிலீஷில் இல்லை, தமிழில். "நின்னுபோன பாலிசிக்கும் கூப்புட்டு, பணம் கட்டி உயிர் குடுத்துக்கலாம், ஆள வூட்டுக்கே அனுப்பறோம்னு சொல்லணும்னேன். அதுக்கும் சரின்னுட்டாங்க. அது நான் வச்ச கண்டிசன்."

"நல்லதுண்ணே" என்றாள் தில்லையம்மாள். மனசாரத்தான் சொன்னாள். "நாலு குடும்பத்துக்காவது ஆவட்டும்."

"ஒனக்குத்தான் ஒண்ணும் செய்ய முடியல."

அவள் இரண்டு பருப்பைத் தோல் உரித்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வைகாசியில் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. அனுப்பிரியா நல்ல மார்க். சிதம்பரத்தில் நர்சிங்குக்கு இடமும் கிடைத்தது. இடம் கிடைத்த கடிதத்தைத் தாயும் மகளும் சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டார்கள். கடைசித் தேதிவரை பேங்குக்கும் ஊருக்கும் அலைந்தார்கள். பேங்கிலோ பழைய குத்தகைக் கடனை முதலில் கட்டச் சொன்னார்கள். எம்.எல்.ஏ. தன் கையிலிருந்து கொஞ்சம் கொடுத்தார்; அது ஆனைப் பசிக்குச் சோளப்பொரி. தேதி போனது. ஆனி பிறந்து ஒருநாள் காலையில் தில்லையம்மாள் கொட்டகைக்குக் கிளம்பும்போது அனுப்பிரியா பின்னாலேயே வந்தாள். "நீ எங்கடி?" என்று கேட்டதற்கு, "கூடத்தான்" என்றாள். தில்லையம்மாள் அவளை அடித்தாள். அடித்த கையாலேயே சாம்பலை எடுத்து அவள் விரலுக்குப் பூசிவிட்டாள்.

அடுத்த தேர்தலில் செந்தமிழ்செல்வன் தோற்றார். இன்சூரன்ஸுக்காகத் தோற்கவில்லை. இன்சூரன்ஸ் பேசியதற்காக ஒரு ஓட்டுக் கூடவும் இல்லை.

அந்த வருஷம் மார்கழியில் தானே புயல் வந்தது. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான். விடிந்து பார்த்தால் காடு காடாக இருந்த முந்திரி வேரோடு படுத்துக் கிடந்தது. பாட்டன் நட்ட பலாவெல்லாம் முறிந்து, ஒடிந்த இடத்தில் பால் வடிந்துகொண்டிருந்தது. தில்லையம்மாள் வீட்டு ஓடு பாதிக்குமேல் போய்விட்டது. சுவரில் இருந்த படம் மட்டும் எப்படியோ விழவில்லை. கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கி மூலையில் கறை படிந்திருந்தது. கரண்டு வர வாரக்கணக்கில் ஆயிற்று. கொட்டகைக்கு வெளியூர்க் கொட்டை லாரியில் வந்ததால் உடைப்பு வேலை மட்டும் நிற்கவில்லை. வேலை உண்டா இல்லையா என்று மேஸ்திரி போனில் சொல்வான். அய்யனாரின் போன்தான். ஊருக்கெல்லாம் தெரிந்த நம்பர் என்று தில்லையம்மாள் அதை மாற்றவே இல்லை. குறிஞ்சிப்பாடியில் ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் காசு கொடுத்து சார்ஜ் ஏற்றிவந்து மடியில் வைத்துக்கொள்வாள்.

தையில் செந்தமிழ்செல்வன் வந்தார். பதவி இல்லை, கார் இல்லை. யாரோ ஒருவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, ஒரு மூட்டை அரிசியும் தார்ப்பாயும் கொண்டுவந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார். உள்ளே வந்ததும் படத்தைத்தான் பார்த்தார். இதற்கு முன்னால் அதைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. கிட்டே போய் ஓரத்தில் இருந்த கையைப் பார்த்தார், பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தார். அதே கடிகாரம்.

"வெட்ட முடியலண்ணே" என்றாள் தில்லையம்மாள், தப்புச் செய்தவள் போல.

அனுப்பிரியா டீ கொண்டுவந்தாள். டம்ளரைத் தாவணி முனையில் சுற்றிப் பிடித்திருந்தாள். சூட்டுக்காக இல்லை. வாங்கும்போது அவர் விரல்களைப் பார்த்துவிட்டார். சட்டென்று வேறு பக்கம் திரும்பி, "மரம் கணக்கெடுக்க ஆள் வந்தாங்களா?" என்று கேட்டார்.

"வந்தாங்க. குத்தகைக்காரங்களுக்குக் கெடையாதாம், நெலத்துக்காரங்களுக்குத்தானாம்."

"நான் கலெக்டரப் பாக்கறேன்" என்று சொல்ல வாயெடுத்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அப்போது அவள் மடியில் போன் அடித்தது. மேஸ்திரி என்று நினைத்து எடுத்தாள். அவளுக்கு எப்போதும் ஸ்பீக்கரைப் போட்டுக் கையில் நீட்டிப் பிடித்துத்தான் பேசத் தெரியும்.

"வணக்கம். அய்யனார் சாருங்களா?" சின்னப் பெண்ணின் குரல். கம்பெனி பெயரைச் சொன்னாள். சுத்தமான, அழகான தமிழ்.

தில்லையம்மாளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. "அவுரு இல்லீங்க" என்றாள்.

"எப்ப வருவாங்கம்மா?"

அனுப்பிரியா அம்மாவின் கையிலிருந்து போனை வாங்க வந்தாள். தில்லையம்மாள் கொடுக்கவில்லை.

"நான் அவுரு சம்சாரந்தாம்மா. சொல்லு."

"சாரோட பாலிசி தவணை கட்டாம நின்னு போயிருக்குதும்மா. பணம் கட்டி உயிர் குடுத்துக்கலாம். உங்க குடும்பத்தோட பாதுகாப்புக்காகத்தான் கூப்பிடறோம். நீங்க ஆபீசுக்கு வர வேண்டியதில்ல. இன்னிக்கே எங்க ஆள வீட்டுக்கே அனுப்பி வைக்கறோம். பணத்த அவர்கிட்ட குடுத்தா போதும், அங்கயே ரசீது தருவாரு. வரச் சொல்லலாமா?"

செந்தமிழ்செல்வன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அது அவர் சொன்ன வார்த்தைதான். அவர் மெட்ராஸில் மேஜையைத் தட்டிக் கேட்டு வாங்கிய அதே வார்த்தை, தமிழில், ஓர் எழுத்துப் பிசகாமல். போனை வாங்கி அந்தப் பெண்ணிடம் எதையாவது சொல்லவேண்டும் என்று கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

தில்லையம்மாள் மூலையில் இருந்த அரிசிப் பானையைப் பார்த்தாள். அது புயலில் விளிம்பு உடைந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"வரச் சொல்லும்மா" என்றாள். "இன்னிக்கி வெள்ளிக்கெழமதான். இருந்தாலும் பரவால்ல. வெளக்கு வச்சதுக்கு அப்புறமா வந்தாலும் குடுத்துடறேன்."

"ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லி அந்தப் பெண் போனை வைத்தாள்.